வலது மூலையில் ஒரு கறை

அவரிடம் கொடுத்த பொருள், சொன்ன பழுது மட்டும் நீங்கித் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. மானிட்டர் எரியவில்லை என்று கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். எரியும். கூடவே ஆட்டம் கண்டிருந்த அதன் கால் திருகி இறுக்கப்பட்டிருக்கும். பொத்தான்களின் இடுக்கில் வருடக்கணக்காக ஊறிக்கிடந்த அழுக்கு பழைய டூத்பிரஷால் தேய்த்து எடுக்கப்பட்டிருக்கும். பின்பக்கம் ஒட்டியிருந்த விலைச்சீட்டுகூடத் தின்னர் தொட்டு உரிக்கப்பட்டிருக்கும். ஏன் என்று கேட்டால், "இருக்கட்டுங்க, கையோட கையா செஞ்சேன்" என்பார். அதற்காக ஒரு காசு கூடுதலாக வாங்கமாட்டார். இப்படிப்பட்ட மனிதரை யாராவது குறை சொல்வார்களா? சொல்ல வாயே வராது. அங்கேதான் வம்பு.

அவருடைய இடத்தைக் கடை என்று சொன்னால் மற்ற கடைகள் கோபித்துக்கொள்ளும். வணிக வளாகத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் மிஞ்சிப்போன இடம் அது. உள்ளே போகப்போகக் கூரை தாழும். வேலை மேசைக்குக் குனிந்துதான் போக வேண்டும். முப்பது வருடத்தில் அந்தப் படியின் அடிப்பக்கத்தில் அவர் தலை இடிக்காத இடம் பாக்கியில்லை. ஸ்க்ரூடிரைவர்கள் உயர வரிசையில் சுவரில் தொங்கும். ஒன்று இடம் மாறித் தொங்கினாலும் அவருக்குச் சோறு இறங்காது. எப்போதும் போடும் கண்ணாடியின் மேலேயே இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு சால்டரிங் வைப்பார் என்பதால் வளாகம் முழுக்க அவருக்குப் பெயர் ரெட்டைக்கண்ணாடி. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பெண் மட்டும் அண்ணே என்பாள். அவள் வாய்க்கு வளாகமே பயப்படும். ஒருமுறை அவளிடம் ஸ்டேப்ளர் இரவல் வாங்கினார். மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது துரு போயிருந்தது, எண்ணெய் விட்டிருந்தது, அவள் மகன் சின்ன வயதில் அதன் தலையில் ஒட்டியிருந்த யானைப் படமும் போயிருந்தது.

"அண்ணே, உங்ககிட்ட இரவல் குடுத்தா குடுத்தது திரும்பி வராது. வேற ஒண்ணுதான் வருது" என்றாள் அவள்.

அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு உச்சி குளிர்ந்து போனார். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டிலும் இதே கதைதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி இறந்துபோனாள். காலையில் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே மகள், கட்டிக்கொடுத்தது வேறு ஊரில். அப்போது நிறைமாதம். பிரயாணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவின் முகத்தை அவள் போனில்தான் கடைசியாகப் பார்த்தாள். ஆறாம் நாள் அவளுக்குக் குழந்தை பிறந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுப் படி ஏற அவளுக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

அந்த இரண்டு மாதமும் மனிதர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. உட்கார்ந்தால் தனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவருக்குப் பயம். மனைவி படுத்த பக்கம் பள்ளம் விழுந்திருந்த மெத்தையைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினார். துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார். குதிகால் தேய்ந்த செருப்பைக் குப்பையில் போட்டார். சீப்பைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பல் பல்லாகக் கழுவி அலமாரியில் வைத்தார். அடுப்புக்கு மேலே சுவரில் அவள் பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தாள், கேஸ் மாற்றிய தேதி, யார் யாருடைய போன் நம்பர், இன்னும் என்னென்னவோ. அதன் மேல் இரண்டு பூச்சு வெள்ளை அடித்தார். மகளும் பேரக்குழந்தையும் வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் மனதில் இருந்தது.

மகள் வந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறை அறையாகப் போனாள். சமையலறையில் அடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"இங்க அம்மா எழுதி வச்சிருந்தாங்களே?"

"பெயின்ட் அடிச்சுட்டேன்ம்மா. நல்லா இருக்குல்ல?"

"ம்" என்றாள்.

"சீப்பைக்கூடக் கழுவி வச்சிருக்கேன் பாரு."

அதற்கும் ஒரு "ம்". பத்து நாள் இருப்பதாக வந்தவள் மூன்றாம் நாளே கிளம்பினாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் போன் பண்ணுவார். குழந்தை தவழ்கிறதா, நடக்கிறதா, காய்ச்சல் விட்டதா என்று கேட்பார். ஒவ்வொன்றுக்கும் "ம்" வரும். சண்டை போட்டால்கூடச் சமாதானம் பண்ணலாம். ம் என்று சொல்கிறவளிடம் என்னவென்று பேசுவது? நாம் என்ன தப்பு செய்தோம், வீட்டைச் சுத்தமாக வைத்தது ஒரு குற்றமா என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். மனதுக்குள் அது பாட்டுக்கு உறுத்திக்கொண்டே கிடந்தது.

இந்த நிலைமையில்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த அம்மாள் வந்தார். அறுபதைத் தாண்டியவர். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொள்வது மாதிரி ஒரு மானிட்டரை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து வந்தார். மானிட்டரைப் பழைய போர்வையில் சுற்றியிருந்தார். கண்பார்வை அவ்வளவாக இல்லை என்பது படியடிக்கு அவர் குனிந்த தினுசிலேயே தெரிந்தது. தேவைக்கு மேல் குனிந்தார்.

"போட்டா ரெண்டு செகண்டு வெளிச்சம் வருது சார். அப்புறம் பொட்டுனு போயிடுது. மொதல்ல நாலு தடவை அமுக்கினா ஒருதடவை நிக்கும். இப்ப அதுவும் இல்ல."

"கம்ப்யூட்டர் கூட வச்சுப் பாத்தீங்களாம்மா?"

"கம்ப்யூட்டர் இல்ல சார். இது மட்டும்தான் இருக்கு."

கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் மானிட்டர் எதற்கு என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கமாட்டார், பொருளோடு நிறுத்திக்கொள்வார்.

கிளம்பும்போது அந்த அம்மாள் திரும்பி நின்றார். "சார், வெளிச்சம் நின்னா போதும். வேற எதையும் தொடாதீங்க."

"சரிங்கம்மா" என்றார்.

சொன்னதை அவர் சொன்னபடியே கேட்டிருந்தால் நான் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் இந்தத் தொழிலில் வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இதையேதான் சொல்வார்கள். வேற எதையும் தொடாதீங்க என்றால், வேலையை இழுத்துவிட்டு நீளமாக பில் போடாதீர்கள் என்று அர்த்தம். முப்பது வருடமாக அவர் அந்த வாக்கியத்தை அப்படித்தான் புரிந்துகொண்டு வந்திருக்கிறார். பாவம், கையில் இல்லை போலிருக்கிறது, நாமாகவே பார்த்துச் செய்துகொடுப்போம் என்று அன்றும் நினைத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அவருக்குத் தெரியவந்தது வெள்ளிக்கிழமை. உங்களுக்கு நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாளுக்கு ஒரே பையன். ஏதோ ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை, விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது. கம்ப்யூட்டர் கம்பெனியுடையது. அந்தச் சின்னத் திரையில் கண் வலிக்கிறது என்று முதல் சம்பளத்தில் அவனே வாங்கியது இந்த மானிட்டர். அம்மாவுக்குக் கண்ணில் அழுத்த நோய். தினமும் மதியம் இரண்டு மணிக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். மறந்துவிடக் கூடாது என்று அவன் திரையின் வலது கீழ் மூலையில் மஞ்சளாக ஒரு சின்னக் குறிப்புச் சீட்டைத் திறந்து வைத்தான். எந்த வேலையைத் திறந்தாலும் அதற்கு மேலே அது நிற்கும். "2 மணி, அம்மா. இடது கண் இரண்டு, வலது கண் ஒன்று." ஐந்து வருடம் அந்தச் சீட்டை அவன் மூடவே இல்லை. தினமும் இரண்டு மணிக்கு எழுந்து வந்து, தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி, சொட்டு விட்டுவிட்டுப் போவான்.

ஏழு மாதத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று படுத்தவன் பத்தாம் நாள் எழுந்திருக்கவில்லை. கம்பெனி ஆள் வந்து, வருத்தம் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரை எடுத்துப் போனான். மானிட்டர் மட்டும் மேசையில் நின்றது.

ஒரே படத்தை ஒரே இடத்தில் வருடக்கணக்கில் வைத்திருந்தால் திரையில் அதன் நிழல் தங்கிவிடும். டிக்கெட் கவுண்டர்களில், வரிசை எண் காட்டும் திரைகளில் பார்த்திருப்பீர்கள். இந்த மானிட்டரிலும் அந்தச் சீட்டு தங்கிவிட்டது. கம்ப்யூட்டர் எதுவும் மாட்டாமல் வெறுமனே போட்டால், சிக்னல் இல்லை என்ற ஒரு பெட்டியோடு வெளிர்நீலமாக ஒரு நிமிடம் எரியும். பிறகு தானே அணைந்துவிடும். அந்த ஒரு நிமிடம், வலது மூலையில் மங்கலாக ஒரு சதுரமும் உள்ளே மூன்று வரியும் தெரியும். அந்த அம்மாள் தினமும் இரண்டு மணிக்கு மானிட்டரைப் போட்டு, மூக்கு திரையில் படுமளவுக்குக் குனிந்து, அதைப் பார்த்துவிட்டுத் தன் சொட்டு மருந்தைத் தானே விட்டுக்கொள்வார். அந்த வெளிச்சம் போய்விட்டது என்றுதான் ரெட்டைக்கண்ணாடியிடம் வந்தார்.

ரெட்டைக்கண்ணாடி திங்கட்கிழமை மத்தியானமே அதைக் கையில் எடுத்தார். முதலில் பவர் கார்டை மாற்றிப் பார்த்தார். பயனில்லை. தன்னுடைய பழைய லேப்டாப்பை மாட்டி, டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பார்த்தார். இருட்டுக்குள் படம் மங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. ஆக, படம் வருகிறது, பின்னாலிருந்து வெளிச்சம்தான் வரவில்லை. பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை இடுக்கில் விட்டு நெம்பி முன்சட்டத்தைக் கழற்றினார். ஒரு கிளிப்பும் உடையவில்லை. பவர் போர்டில் இரண்டு கப்பாசிட்டர்கள் தலை உப்பி நின்றன. வயதானால் அவற்றுக்கு வருவதுதான். இரண்டை மாற்றினால் போதும். அவர் நான்கையும் மாற்றினார். போட்டதும் வெளிச்சம் வந்து நின்றது, ஒரு நடுக்கம் இல்லை.

அந்த இடத்தில் அவர் சட்டத்தை மூடியிருக்கலாம். அதற்குள் கண் வலது மூலைக்குப் போய்விட்டது. மேல் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கிட்டே போனார். நான்கு விரல் அகலத்துக்கு ஒரு கறை.

"அடப் பாவமே" என்றார் வாய்விட்டு.

இந்தக் கறைக்கு வைத்தியம் உண்டு. வெறும் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் இரண்டு நாள், மூன்று நாள் நிறுத்தாமல் ஓட விட வேண்டும். சில சமயம் போகும், சில சமயம் போகாது. மின்சாரம் செலவு, மேசையில் இடமும் அடைபடும், அதனால் யாரும் செய்யமாட்டார்கள். இவர் செய்தார். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அந்தத் திரை மாடிப்படிக்கு அடியில் வெள்ளையாக எரிந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒருமுறை ஜெராக்ஸ் கடைக்காரி எட்டிப்பார்த்தாள்.

"என்னண்ணே, கண்ணு கூசுது. என்ன படம் ஓடுது?"

"கறை எடுக்கறேன்ம்மா."

"அவங்க கேட்டாங்களா?"

"கேக்கல. வந்து பாத்தா சந்தோஷப்படுவாங்க."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கடையில் ஆள் வந்து கூப்பிடவே போய்விட்டாள். அன்று அந்த ஆள் வராமல் இருந்திருக்கலாம்.

வியாழன் மாலை வெள்ளையை நிறுத்திவிட்டு வெளிர்நீலத்தில் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். கறை போன இடம் தெரியவில்லை. சின்னப் பையன் மாதிரிச் சிரித்துக்கொண்டார். போர்வையிலும் ஒரு மூலை கிழிந்திருந்தது, அதையும் இரண்டு தையல் போட்டு மடித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வந்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மானிட்டரைத் திருப்பி வைத்துப் பொத்தானை அமுக்கினார். வெளிர்நீலம் வந்தது. நடுவில் சிக்னல் இல்லை என்ற பெட்டி. அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. ஸ்டூலிலிருந்து எழுந்து, நேராக வலது மூலைக்குக் குனிந்தார். மூக்கு திரையில் பட்டது. தலையைச் சாய்த்தார். புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தார். மறுபடி குனிந்தார்.

"சார், இங்க ஒண்ணு இருந்துச்சே?"

"அந்தக் கறைதானேம்மா? எடுத்துட்டேன். மூணு நாள் ஓடவிட்டு எடுத்தேன். அதுக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம்" என்றார் அவர். குரலில் பெருமை வழிந்தது.

அந்த அம்மாள் குனிந்தபடியே நின்றார். ஒரு நிமிடம் முடிந்து திரை தானே அணைந்தது. அதற்குப் பிறகும் அவர் நிமிரவில்லை.

"வேற எதையும் தொடாதீங்கன்னு சொன்னேனே தம்பி" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். சாரைத் தம்பி ஆக்கியிருந்தார், அவ்வளவுதான்.

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பையன், சொட்டு மருந்து, மஞ்சள் சீட்டு, இரண்டு மணி. அழாமல், கடையில் சாமான் பட்டியல் சொல்வது போல வரிசையாகச் சொன்னார். ரெட்டைக்கண்ணாடி குனிந்து திரையின் வலது மூலையைப் பார்த்தார்.

"அம்மா, என்ன எழுதியிருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல. அதே எழுத்தை அதே இடத்துல போட்டு ரெண்டு மூணு மாசம் ஓடவிட்டா மறுபடி விழும்மா. நான் ஓடவிடறேன். இங்கயே வச்சு..."

"விழும் தம்பி. ஆனா அது நீங்க போட்டதாத்தானே இருக்கும்?"

பிறகு அந்த அம்மாளே கேட்டார். "கடைசியா அதைப் பாத்தது நீங்கதான். எனக்குச் சரியா தெரியாது, கண்ணு அப்படி. எழுத்து தெரிஞ்சுதா? அம்மான்னு இருக்குமே, அது தெரிஞ்சுதா?"

இரண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு, டார்ச் அடித்து, விரல் வைத்து அளந்து பார்த்தவர் அவர். வரிகள் இருந்தன என்பது ஞாபகம் இருந்தது. படிக்க முயன்றதாக ஞாபகம் இல்லை. பொய் சொல்லியிருக்கலாம். தெளிவாகத் தெரிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மாள் அதை வைத்துக்கொண்டு போயிருப்பார். அவருக்குப் பொய்யும் வரவில்லை.

"நான் கறையாத்தாம்மா பாத்தேன்" என்றார்.

அந்த அம்மாள் தலையாட்டினார். போர்வையை எடுத்தார். தையல் போட்ட மூலை கைக்குத் தட்டுப்பட்டது போலும், அதைத் தடவிப் பார்த்தார்.

ரெட்டைக்கண்ணாடியே மானிட்டரைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாளின் பின்னால் நடந்தார். மூன்று தெரு தள்ளி, இரண்டாவது மாடியில் வீடு. பையனுடைய அறையில் மேசை இருந்தது. மேசையில் காப்பிக் குவளை வைத்த வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. நாற்காலிக் கைப்பிடியில் உறை கிழிந்து பஞ்சு தெரிந்தது. அவன் கிள்ளிக் கிள்ளியே கிழித்திருக்க வேண்டும். மானிட்டர் நின்ற இடத்தில் மட்டும் தூசி இல்லாமல் ஒரு கட்டம். வேறு எந்த நாளாக இருந்தாலும் அவர் கை பரபரத்திருக்கும், ஈரத்துணி எங்கே என்று கேட்டிருப்பார். அன்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு மானிட்டரைத் தூக்கி, அந்தக் கட்டத்துக்குள் ஒரு இழை பிசகாமல் வைத்தார்.

மணி இரண்டாகிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் பழக்கதோஷத்தில் பொத்தானை அமுக்கினார். வெளிர்நீலம் வந்தது. குனியப் போனவர் பாதியில் நிமிர்ந்து, ஒரு நிமிடம் ஆகும் முன்னாலேயே அணைத்துவிட்டார். மருந்துப் புட்டியை எடுத்துத் தலையைச் சாய்த்து விட்டுக்கொண்டார். சொட்டு கண்ணில் விழாமல் கன்னத்தில் விழுந்து ஓடியது. இன்னொன்றும் அப்படியே ஓடியது.

"குடுங்கம்மா, நான் விடறேன்" என்றார் அவர். அரிசி மணி அளவு புள்ளியில் சால்டரிங் வைக்கிற கை. நடுங்கவில்லை. "எந்தக் கண்ணு எத்தனை?"

"இடது ரெண்டு. வலது ஒண்ணு" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் அப்போதுதான் அழுதார். ரெட்டைக்கண்ணாடி விட்ட மருந்தெல்லாம் கண்ணீரோடு வெளியே வந்துவிட்டது. மறுபடி விட்டார்.

கடைக்குத் திரும்பியவர் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரி டீயோடு வந்து, விஷயத்தைக் கேட்டு, வாயடைத்து நின்றாள். அவள் வாயடைத்ததை வளாகம் அன்றுதான் பார்த்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, அது நாளாக நாளாகத் தானாவும் மங்கிப் போயிருக்கும்ல? அதைச் சொல்லுங்க அவங்ககிட்ட."

"போயிருக்கும். ஆறு மாசம், எட்டு மாசம். அந்த ஆறு மாசம் அவங்களோடதும்மா."

அவள் டீயை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். டீ ஆறியது. தம்ளரைத் தூக்கிப் பார்த்தார், மேசையில் ஈரமாக ஒரு வட்டம். துடைக்கத் துணியை எடுத்தவர் அதைக் கீழே போட்டுவிட்டு, போனை எடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. அவர் கூப்பிடும் நேரமே இல்லை.

மகள் பதறிக்கொண்டு எடுத்தாள். "என்னப்பா? உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணும் இல்லம்மா. அம்மா சீப்பு. அதை நான் கழுவியிருக்கக் கூடாது."

எதிர்முனையில் குழந்தை எதையோ தட்டும் சத்தம் கேட்டது. மகள் ம் சொல்லவில்லை.

"அதுல முடி இருந்துச்சும்மா. மூணு. நுனியில சாயம், அடியில வெள்ளை. பல்லு ரெண்டு உடைஞ்சிருந்துச்சு, அந்த இடத்துலதான் சிக்கியிருந்துச்சு. செருப்பு வலது கால்தான் அதிகம் தேஞ்சிருந்துச்சு, வெளிப்பக்கமா. மெத்தையில பள்ளம் சுவர்ப் பக்கம். கால மடக்கிக்கிட்டுத்தான் படுப்பா, அதனால பள்ளம் சின்னதா இருந்துச்சு."

"அப்பா..."

"இரும்மா, சொல்லிடறேன். அந்தச் சுவரு. மேல கேஸ் தேதி, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, ஒம்பது. பழசைக் கோடு போட்டு அடிப்பா, அழிக்கமாட்டா. பக்கத்துல உங்க சித்தி போன் நம்பர். கடைசி எண் இல்ல. ஜன்னல் வந்துருச்சு, எழுத இடம் இல்ல. அதுக்குக் கீழ..."

நிறுத்தினார்.

"அதுக்குக் கீழ என்னப்பா?"

"பதினேழுன்னு எழுதி, பக்கத்துல பாப்பான்னு போட்டிருந்தா. சுத்தி வட்டம்."

டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த பிரசவ தேதி அது. மகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

"நான் அதைப் பாத்தேன்ம்மா. பாத்துட்டுத்தான் பெயின்ட் அடிச்சேன்."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை. மறுபடி காதில் வைத்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரு வட்டமாப்பா?"

"ரெண்டு. மொத வட்டம் லேசா விழுந்திருந்துச்சு. ரெண்டாவது அழுத்திப் போட்டிருந்தா."

"மறுபடி சொல்லுங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."

அவர் இரண்டு கண்ணாடியையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

"மேல கேஸ் தேதி" என்று ஆரம்பித்தார்.